இரண்டு எழுத்து ரத்தம்

என் அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான்: எந்த விண்ணப்பப் பாரத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நியாயத்தீர்ப்பு நாளில் பரலோக வாசலில் பாரம் ஏதாவது கொடுத்தால், அதையும் ஒன்று விடாமல் நிரப்பி, ஒரு நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். இன்னொரு திறமையும் அவருக்கு உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வருகிறவர்கள் பிள்ளையின் பிறந்த தேதியை அழித்துத் திருத்திக் கொண்டுவந்தால், தாளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். அழித்த எண் தெரிந்துவிடும். சத்தம் போடமாட்டார். பைய வீட்டுக்குப் போய்ச் சரியான தாளைக் கொண்டுவாருங்கள் அண்ணாச்சி என்று, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. உள்ளூரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு. எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும். அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே பச்சோந்தி, கடல்குதிரை, வெளுத்துப்போன ஒரு தண்ணிப்பாம்பு. அந்த வாடையில்தான் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவோம். இன்றைக்கு நான் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. குப்பிகளைத் துடைத்து வைக்கும்போது அந்த வாடை லேசாக வந்தால் போதும், எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ரத்த வகை கண்டுபிடிக்கும் செய்முறை நடந்தது. கரப்பான்பூச்சியை நரம்பு அறுபடாமல் கீறிக் காட்டி நல்ல பெயர் வாங்கியிருந்தவள் நான். என் விரலில் ஊசி குத்த வேண்டும் என்றதும் மேசைக்கு அடியில் ஒளியாத குறை. கடைசியில் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் குத்திவிட்டாள். கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள் மருந்து, ஒன்றில் நிறமில்லாத மருந்து. குச்சியால் கலக்கித் தகட்டை அசைத்துப் பார்க்க வேண்டும். நீலத்தில் ரத்தம் திரிந்தால் ஏ. மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் திரிந்தால் ஏபி. இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. மூன்றாவது சொட்டு, பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும். திரிவது என்றால் பால் திரிகிற மாதிரியேதான், நிறம் மட்டும்தான் வேறு. எனக்கு முதல் இரண்டும் திரியாமல் கிடந்தன. மூன்றாவது திரிந்தது. ஓ பாசிட்டிவ்.

அத்தோடு விட்டிருக்கலாம். பேராசிரியை கரும்பலகையில் ஒரு குடும்ப வரைபடம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ரத்த வகைக்கு அப்பாவிடமிருந்து ஒரு கூறு, அம்மாவிடமிருந்து ஒரு கூறு வருகிறது. ஏ, பி கூறுகள் வெளியே தெரியும். ஓ கூறு அவற்றுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் ஓ கூறு வந்தால்தான் பிள்ளை ஓ வகை என்று விளக்கினார். திங்கட்கிழமைக்குள் அவரவர் பெற்றோரின் ரத்த வகையைக் கேட்டு ரெக்கார்டு நோட்டில் வரைந்து வரச் சொன்னார்.

அம்மாவுடையது எளிதாகக் கிடைத்தது. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில், என்னைப் பெற்ற சமயத்து ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. அதில் ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் கேட்டபோது அவர் வாயால் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அவருடைய போட்டோவுக்குப் பக்கத்தில் ஏபி பாசிட்டிவ் என்று அச்சாகியிருந்தது.

"கவர்மெண்டே போட்டுக் குடுத்திருக்கு, பாத்துக்கோ" என்றார். ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி ஒரு பெருமை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஏபிக்காரரிடம் ஓ கூறு கிடையாது. பிள்ளைக்கு ஒன்று ஏ-யைக் கொடுப்பார், இல்லாவிட்டால் பி-யைக் கொடுப்பார். அப்படியானால் ஏபி அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் பிறக்கும் பிள்ளை ஏ-யாகவோ பி-யாகவோதான் இருக்க முடியும். ஓ-வாக இருக்கவே முடியாது. திரும்பவும் போட்டேன். அப்பாவையும் அம்மாவையும் இடம் மாற்றிப் போட்டேன். எப்படிப் போட்டாலும் கட்டத்துக்குள் நான் இல்லை. அடுப்படியில் அம்மா தோசை ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்து மொபெட்டின் பிளக்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் இவருடைய பிள்ளை இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டேன்.

அம்மாவைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அப்படியானால் அப்பாவின் அசல் மகள் வேறெங்கோ வளர்கிறாள். என்னவோ, அவள் தச்சநல்லூரில் இருப்பதாகத் தோன்றிவிட்டது. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாரம் நிரப்பத் தெரியும். தச்சநல்லூர் போகும் டவுன் பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போதோ, அந்தப் பெண் ஒருநாள் வாசலில் வந்து நின்றால் என் அப்பாவை அவளிடம் கொடுத்துவிட வேண்டியிருக்குமே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

திங்கட்கிழமை வந்தது. ஏபி என்று எழுதிய நோட்டை வைத்தால் வகுப்பு முழுக்கப் பார்க்கப் பேராசிரியை சிவப்பு மையில் சுழிப்பார், ஏன் என்று கேட்பார். கல்லூரிக்குக் கிளம்புமுன், அப்பாவின் சதுரத்துக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்ததில் ஏ-யை மட்டும் ரப்பரால் அழித்தேன். பி நின்றது. பி-க்குப் பின்னால் ஒரு ஓ மறைந்து நிற்கலாம். அப்பா பி, அம்மா ஓ, பிள்ளை ஓ. எல்லாம் பொருந்திவிட்டது. பேராசிரியை தேதியோடு கையெழுத்துப் போட்டுப் பத்துக்குப் பத்து கொடுத்தார். அவ்வளவு மதிப்பெண் வாங்கி அப்படிக் கூசிப்போனது அந்த ஒருமுறைதான்.

அதற்கடுத்த மூன்று மாதமும் அப்பாதான் என் ஆய்வகம். வழிவழியாக வரும் அடையாளங்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக அவர் உடம்பில் தேடினேன். முதலில் நாக்கு. அதைக் குழல் மாதிரி சுருட்ட எனக்கு வரும், அம்மாவுக்கு வராது. அப்பாவுக்கும் வரவில்லை. இது ஏதோ போட்டி என்று நினைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் சவரக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பழகினார். ஒவ்வொரு காலையும் தோற்றுப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். பெற்றவர் இருவருக்கும் வராதது பிள்ளைக்கு வராது என்றது எங்கள் புத்தகம். அது அவ்வளவு சுலபமான கணக்கு இல்லை என்று பின்னாளில் படித்தேன். என் மாணவிகளுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. தச்சநல்லூர்க்காரிக்கு ஒரு சான்று கூடியது.

அடுத்தது காது. அப்பாவின் காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். எனக்குத் தொங்கும். அந்தச் சமயம் பார்த்து உடன்குடியிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, கருப்பட்டி நிரப்பிய ஓலைக் கொட்டானோடு வந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "இவ நம்ம சாடையே இல்லயேல, அப்பிடியே அவ அம்மா வீட்டாளுக மாதிரிலா இருக்கா" என்றாள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை சொன்னதுதான். நூறு தடவையும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கருப்பட்டிக் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

என் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் போர்வை, ஜமுக்காளமெல்லாம் எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றுக்குப் போவோம். அப்போது தாமிரபரணியில் படியில் உட்கார்ந்தால் அடியில் கிடக்கும் மணல் தெரியும். எதிர்க்கரை நாணலில் கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். மீன்கொத்தி ஒன்று ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, தொப்பென்று விழுந்து எழும்பும். இன்றைக்கு அதே படியில் ஆகாயத்தாமரையை விலக்கித்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் படியில் அப்பா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கால் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். எனக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தண்ணீருக்குள் விட்டேன். மீன்குஞ்சுகள் வந்து ஆள் வித்தியாசம் பார்க்காமல் இரண்டு பேர் விரலையும் கடித்தன. எவ்வளவு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

"என்னட்டி பாக்க?" என்றார் அப்பா.

"மீனு" என்றேன்.

மூன்றாவது மாதம் முடிகிற சமயம், அப்பா முருகன்குறிச்சி பக்கம் குறுக்கே வந்த ஓர் ஆட்டுக்கு ஒதுங்கப் போய் மொபெட்டோடு சாய்ந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைக்க வேண்டும், ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா அந்த லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். கோயில் பாடகர் குழுவிலிருந்து பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை ஏபிக்கு ஆள் தேடினார்கள். ஏற்றுவது அதே வகையாக இருந்தால் நல்லது என்றார்கள், அதுவோ லேசில் கிடைக்கிற வகை இல்லை. கடைசியில் மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவின் நண்பர், தன் மருமகன் ஏபிதான் என்று சொல்லி அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அம்மா லைசென்ஸை நீட்டினாள். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "அட்டையில இருக்கதெல்லாம் நாங்க எடுக்கமாட்டோம்க்கா. ரத்தத்தப் பாத்துதான் எழுதுவோம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக என் நாக்கை, காதை, அத்தையை, ஆஸ்பத்திரியை எல்லாம் சந்தேகப்பட்டேன். அந்த அட்டையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அரசாங்கம் அச்சடித்ததாயிற்றே. இனி வரப்போவது அட்டை இல்லை, அப்பாவின் ரத்தம். ஏபி என்று வந்துவிட்டால் அதற்குமேல் நான் ஒளிய இடமில்லை. உள்ளே அப்பா கால் முறிந்து கிடக்கிறார், நான் வெளியே இதை நினைத்து நடுங்குகிறேன் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கவுண்டர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

அந்தப் பெண் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மூன்று சொட்டு வைத்தாள். நீலம், மஞ்சள், நிறமில்லாதது. கலக்கிவிட்டு ஓட்டைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்தாள். நீலம் அப்படியே வழவழவென்று கிடந்தது. இன்னும் நேரம் ஆகவில்லை, இனிமேல் திரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மஞ்சள் முதலில் ரவை ரவையாக ஆனது. பிறகு திட்டுத் திட்டாகத் திரிந்தது. மூன்றாவதும் திரிந்தது. நீலம் கடைசிவரை திரியவில்லை.

"பி" என்றேன். அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பி பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதினாள்.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று அம்மா தலையைத் தடவினாள். மேலப்பாளையத்துக்காரர் ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்தார். பி என்பதால் மட்டும் அவர் என் அப்பா என்று ஆகிவிடாது, பி வகைக்காரர்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு என்பதெல்லாம் விலங்கியல் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? கட்டத்துக்குள் எனக்கு இடம் இருந்தது. எனக்கு அது போதும். ஏபி ரத்தத்தைப் பி-க்கு ஏற்ற முடியாது என்று கவுண்டரில் சொன்னபோது அந்த மருமகன், வந்தது வந்தாயிற்று, வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கையை நீட்டிப் படுத்துவிட்டார். அப்பாவுக்கு ஒரு பாட்டில் பி ரத்தத்தை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக என் ஓ ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். விரலில் குத்தியதைவிடப் பெரிய ஊசி. கண்ணை மூடவில்லை.

வார்டில் அப்பாவிடம் போய், உங்கள் வகை ஏபி இல்லை, பி என்று சொன்னேன்.

"ஒரு எழுத்து கொறஞ்சு போச்சா?" என்றார். பிறகு நினைவு வந்துவிட்டது. சிரிக்கப் போய்க் கால் வலித்து முகத்தைச் சுளித்தார். லைசென்ஸ் பாரத்தில் ரத்த வகை என்று ஒரு கட்டம் இருந்ததாம். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னாராம். "காலியா விட்டா பாரம் திரும்பி வந்துரும்லா. ரெண்டு எழுத்துன்னா கட்டம் நெறஞ்சு இருக்கும்னு நாந்தான் போட்டேன்" என்றார். அட்டையில் அச்சாகி வந்ததும் அவரே அதை நம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கட்டம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகவா மூன்று மாதம் அழுதேன் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. தெரியாத கட்டத்தைப் பார்வைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நிரப்பிவைத்தவள்தானே நானும். தச்சநல்லூர்க்காரியை அன்றோடு வழியனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த நாட்களில் அப்பா கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்தார். ஒரு மத்தியானம் என் ரெக்கார்டு நோட்டு கிடைத்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டுபோனபோது அந்தக் குடும்ப வரைபடத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே இல்லை. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். சாயங்காலம் பார்க்க வந்தவர்களிடம் நோட்டைக் காட்டி, பேராசிரியை போட்ட தேதியையும் காட்டி, "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு முந்தியே எம் மக எழுதி வச்சிருக்கா. என்னயப் பாத்தே எம் ரத்தத்தச் சொல்லிட்டா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். எனக்கு வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டு, பாவம், இவரை ஏமாற்றிவிட்டோமே என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தகடு வைத்த காலை மடக்கிக் குனிய முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான்தான் அவருக்குக் கால் நகம் வெட்டிவிடுகிறேன். போன மாதம் அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது, பெருவிரலுக்கு அடுத்த விரலை லேசாக ஆட்டினார்.

"அன்னைக்கு ஆத்துல இதத்தான பாத்த? மீனுன்னு சொன்ன" என்றார்.

நான் அடுத்த நகத்துக்குப் போனேன்.

"நோட்டுல மொதல்ல ஏபின்னுதான் எழுதியிருந்த. வெளிச்சத்துல தெரிஞ்சிது."

நகவெட்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடமும் தெரியுமா? அப்புறம் எதற்கு ஊரெல்லாம் அப்படிப் பெருமை அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ அழிச்சது வேற யாருக்கும் தெரியக் கூடாதுல்லா" என்றார்.

எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் ஏபின்னே வந்திருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?"

"நானே அழிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு காலைத் தூக்கி என் மடிமேல் வைத்தார்.